குருவித் தட்டு

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரே ஒரு படம்தான் மாட்டியிருந்தது. அது ஒரு தட்டின் படம்.

பெரிய காஞ்சிபுரத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் சுவரில் ஆணி அடித்தால் சாமி படத்துக்காக அடிப்பார்கள். இல்லையென்றால் செத்துப்போனவர்கள் படத்துக்காக. இரண்டுக்கும் பொட்டு வைப்பார்கள், இரண்டுக்கும் பூ போடுவார்கள். தட்டை யாரும் மாட்டுவதில்லை. வீட்டுக்காரர் மங்கையர்க்கரசி அம்மாள், நாங்கள் அவர் வீட்டுப் பின்கட்டில் குடிவந்த அன்று எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

"ஏன் செல்லி, சோத்துத் தட்ட யாராவது சுவத்துல மாட்டுவாங்களா? பசிச்சா ஏணி போட்டு ஏறணும் போல இருக்குதே!"

அம்மா சிரிக்கவில்லை. "இருந்துட்டுப் போவட்டும்மா" என்று மட்டும் சொன்னாள்.

அம்மாவின் முழுப் பெயர் செல்லியம்மாள். காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் கிராமத்தில் பிறந்தவள். களை எடுக்கவும் நாற்று நடவும் தெரியும். ஏரி வறண்டு போன ஒரு வருஷம், அப்பா கண்ணாயிரத்துக்குப் புதுச்சேரியில் மில் வேலை கிடைத்தது. அப்போது அது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். அம்மா ஒரு பிரெஞ்சு அதிகாரியின் வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். அந்த வீட்டு அம்மாளை மதாம் என்று கூப்பிட வேண்டும். வேலைக்குப் போகும்போது அம்மாவின் இடுப்பில் என் அண்ணன் பழனி இருப்பான்.

அண்ணன் என்று எழுதுவதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே அவன் போய்விட்டான். அப்போது அவனுக்கு நாலு வயசு. இப்போது நான் பி.ஏ. முடித்தவள். நாலு வயசுப் பையனை எப்படி அண்ணன் என்பது? ஆனால் அம்மா அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள்.

மதாம் வீட்டில் சாப்பிடும் கூடத்துச் சுவர் முழுக்கப் படங்கள். எல்லாமே பாத்திரங்களின் படங்கள்தான். தட்டு, கூஜா, மூடி போட்ட கிண்ணம் எல்லாம் பூ எழுதியவை. ஏதோ பழைய புத்தகத்தின் தாள்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். சமையல்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது இந்தத் தட்டு. ஓரம் முழுக்க நீலக்கரை. நடுவில் மாட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஒன்று. அதன் வாயிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கள் கொட்டிக்கொண்டிருக்கும். ஒரு பூக்காம்பின் மேல் குருவி ஒன்று, வாயைத் திறந்தபடி.

பழனி சோறு தின்னாத பிள்ளை. வாயில் வைத்ததைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருப்பானாம். ஒருநாள் கூடத்தில் யாரும் இல்லாத நேரத்தில் அம்மா அவனைத் தூக்கி அந்தப் படத்தைக் காட்டினாள்.

"அதோ பாரு, குருவி வாயத் தொறந்துக்கினு இருக்குது. குருவிக்கு ஒரு வாய், பழனிக்கு ஒரு வாய்."

குருவிக்கென்று நீட்டிய வாய் படத்தின் கண்ணாடி வரை போய்த் திரும்பிப் பழனியின் வாய்க்குள் போகும். குருவி தின்றதாக அவன் நம்பினான். அதன் பிறகு அந்தப் படத்துக்கு எதிரில் நின்றால்தான் சோறு. சமையல்காரர் அவனுக்கென்று பொரித்த நெத்திலி எடுத்து வைப்பார். நெத்திலி இருந்தால் குருவிக்குக் கொடுக்க மாட்டானாம். "குருவி மீனு தின்னாது" என்று அவனே சொல்லிவிடுவானாம்.

தை மாசம் காய்ச்சல் வந்தது. அமாவாசைக்கு முதல்நாள் போய்விட்டான். அவனைப் போட்டோ எடுத்திருக்கவில்லை. யார் எடுப்பார்கள்?

பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போனபோது மதாம் வேலைக்காரர்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒன்று கேட்கச் சொன்னாராம். தோட்டக்காரர் நாற்காலி கேட்டார். சமையல்காரர் பெரிய இரும்புச் சட்டியைக் கேட்டார். அம்மா இந்தப் படத்தைக் கேட்டாள். மதாமுக்கு ஒன்றும் புரியவில்லை. துணி வேண்டாமா, கட்டில் வேண்டாமா என்று கையால் காட்டிக் காட்டிக் கேட்டாராம். அம்மாவுக்கும் விளக்கிச் சொல்லும் அளவுக்கு அந்தப் பாஷை தெரியாது. படத்தையே காட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் மதாம் தானே கழற்றி அம்மா கையில் கொடுத்தார்.

"அந்த வீட்டுல எத்தினியோ தட்ட ஒடச்சிருக்கிறேன்" என்பாள் அம்மா. "இது ஒண்ணுதான் ஒடையாத தட்டு."

காஞ்சிபுரத்துக்கு வந்தபோது நான் கைக்குழந்தை. அப்பா அரிசி மில்லில் சேர்ந்தார். அம்மா மங்கையர்க்கரசி அம்மாள் வீட்டுத் தறிக்குத் தார் சுற்றினாள். ராட்டையைச் சுழற்றிப் பட்டு இழையை ஊடைக் குழலில் ஏற்றுகிற வேலை. அந்த வேலை தலை நிமிராமல் செய்வது. ஆனால் ராட்டையை எப்போதும் அந்தப் படம் கண்ணில் படுகிற மாதிரிதான் போட்டுக்கொள்வாள்.

எனக்குச் சோறு ஊட்டும்போது அந்தத் தட்டை அம்மா காட்டியதே இல்லை. நிலாவைக் காட்டினாளாம், கோயில் கோபுரத்தைக் காட்டினாளாம். விவரம் தெரிந்த வயசில் இதை நினைத்து எனக்குக் கோபம் வந்திருக்கிறது. சுவரில் இருந்த குருவி அவனுடையது. எனக்கு ஊருக்கெல்லாம் பொதுவான நிலா. அதைச் சொல்லிச் சண்டை போட முடியுமா? செத்துப்போன பிள்ளையோடு எப்படிப் பங்கு கேட்பது?

தை அமாவாசைக்கு முதல்நாள் மட்டும் எங்கள் அறையில் மீன் வாசனை வரும். வீட்டுக்காரர்கள் சைவம். வீட்டுக்குள் முட்டை ஓடுகூட வரக்கூடாது என்று சொல்லித்தான் குடிவைத்தார்கள். முதல் வருஷம் அம்மா போய் நின்று விஷயத்தைச் சொன்னாள். மங்கையர்க்கரசி அம்மாள், "அந்த ஒரு நாள் நான் மூக்க மூடிக்கிறேன், செய்" என்றாராம். அன்றிலிருந்து தட்டைப் பற்றிய கேலியும் நின்றது. அப்பா வேறெந்த நாளும் கடைக்குப் போகாதவர். அன்றைக்கு மட்டும் விடியும்போதே எழுந்து போய் நெத்திலி வாங்கிவந்து, பையைப் பின்வாசலில் வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். பையன் பேரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா பொரித்து, சோறு பிசைந்து, படத்துக்கு எதிரில் நின்று ஒரு வாய் நீட்டுவாள். பிறகு அதை அங்கேயே ஓர் இலையில் வைப்பாள். பக்கத்தில் நெத்திலி.

கல்லூரியில் படிக்கும்போது படத்துக்கு அடியில் இருந்த எழுத்துகளை ஒருநாள் காகிதத்தில் பார்த்து எழுதிக்கொண்டு போனேன். சரித்திரம் நடத்திய ஆதிகேசவன் சார் புதுச்சேரியில் படித்தவர். பிரான்சில் ருவான் என்கிற ஊரில் செய்த தட்டு என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். பீங்கான் மாதிரித் தெரியும், ஆனால் பீங்கான் இல்லையாம். களிமண்ணில் செய்து, வெள்ளைப் பூச்சுக் கொடுத்து, பூ எழுதிச் சுட்டது. ஒரு காலத்தில் அந்த நாட்டு ராஜா யுத்தச் செலவுக்காகப் பிரபுக்களின் வெள்ளித் தட்டுகளையெல்லாம் உருக்கச் சொன்னபோது, அவர்கள் இந்த மண் தட்டுக்கு மாறினார்களாம். படமும் பழசு, கல்லில் வரைந்து நிறம் நிறமாக அச்சடித்தது என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. நான் படித்ததால்தானே இது தெரிந்தது? வீட்டுக்கு ஓடிவந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். ராஜா, யுத்தம், வெள்ளி எதையும் அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"மண்ணுதானா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. களிமண்ணு."

"மண்ணுதானா" என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு ராட்டையைச் சுழற்றத் தொடங்கினாள். அன்றைக்கு இழை அடிக்கடி அறுந்தது. நான் கொண்டுவந்த சேதியால் அவளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது. படித்தவர்கள் கொண்டுவரும் சேதி, கேட்கிறவர்களுக்கு எதற்கு உதவுகிறது என்று நான் யோசிக்க ஆரம்பித்தது அன்றுதான்.

நான் பி.ஏ. முடித்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. பின்கட்டுச் சுவர் ஊறிப்போனது. ஒரு காலையில் படம் கீழே விழுந்து கிடந்தது. கண்ணாடி உடைந்து, பின்பக்கத்து அட்டையைப் பூச்சி அரித்து மாவாக்கியிருந்தது. தட்டின் நீலக்கரைக்குப் பக்கத்திலேயே பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. அம்மா உள்ளங்கையால் தூசியைத் துடைத்தாள். குருவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

காமாட்சி அம்மன் கோயில் சன்னதித் தெருவில் வேணுகோபாலின் படக்கடை இருந்தது. ஊரில் பாதி வீட்டுச் சாமிகள் அவர் சட்டம் போட்டவை. அவர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். சாமி படத்துக்குக் கண்ணாடி போட்டு முடித்ததும் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டித்தான் கையில் கொடுப்பார். அதன் பிறகு அந்தப் படத்தைப் பிரிக்கக் கூடாது என்பார். அம்மா அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, புதுக் கண்ணாடி போட வேண்டும், இனிமேல் பூச்சி வராமல் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, படத்தைச் செய்தித்தாளில் சுற்றி அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கடையில் கூட்டம், பிரித்துப் பார்க்க இடமில்லை. மங்கையர்க்கரசி அம்மாளும் பார்க்க வந்துவிட்டார். அம்மா தாளை உரித்தாள்.

உள்ளே காமாட்சி அம்மன். கையில் கரும்பு வில், அதன் பக்கத்தில் பச்சைக் கிளி. நெற்றியில் புதுக் குங்குமம்.

"அடி செல்லி!" மங்கையர்க்கரசி அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வெள்ளிக்கெழம அதுவுமா அம்மனே நடந்து வந்துட்டா பாரேன்!"

அம்மா படத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பழுப்புத் தாள் இழுத்து ஒட்டியிருந்தது. மறுபடி முன்பக்கம் திருப்பினாள். அப்புறம் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

நான் செருப்புப் போடாமலே ஓடினேன்.

"தட்டா? அந்தத் தட்டா?" வேணுகோபால் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். "அது பின்னட்டை இல்லியா?"

"அதுதான் படம்."

"தல்லீ!" தெலுங்கில் அம்மனைக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்தார். "பாப்பா, முப்பது வருஷமா படம் போடறேன். பின்னாடி எதெது வெச்சிக் கொண்டாறாங்க தெரியுமா? பிஸ்கட்டு டப்பா மூடி, காலண்டர் அட்டை, போன எலக்சன் நோட்டீசு. இதுவும் அது மாதிரி, முன்னாடி இருந்த சாமியப் பூச்சி தின்னுடுச்சி, அட்டை மட்டும் மிச்சம்னு நெனச்சேன். தட்டப் போயி யாரும்மா சட்டம் போடுவாங்க? அம்மன் படத்துக்குத் தனியா காசுகூட வாங்கல, உங்கம்மாவக் கேட்டுப் பாரு."

"அந்தத் தட்டு எங்கே?"

"அம்மனுக்குப் பின்னாலதான் இருக்குது. நல்ல கெட்டித் தாளு. அது மேல மைதாப் பசை தடவி, மயில்துத்தம் கலந்து, அம்மன ஒட்டிட்டேன். பூச்சி ஜென்மத்துக்கும் வராது."

தட்டின் முகத்தின் மேலேதான் பசை தடவியிருந்தார். குருவியின் வாய் அம்மனின் முதுகில் ஒட்டியிருந்தது.

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். பழனியைப் பற்றியும். அவர் கடை வாசலில் நின்றுகொண்டிருந்த ஒருவரைப் பிறகு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு ஒரு வழி சொன்னார். தண்ணீரில் ஊறப்போட்டால் பசை விடும். மேலே இருக்கிற அம்மன் தாள் மெல்லிசு, கூழாகிவிடும். அடியில் இருக்கிறது பழைய தாள், தாங்கினாலும் தாங்கும்.

"ஆனா பொட்டு வெச்சி சூடம் காட்டின அம்மன நான் தண்ணில முக்க மாட்டேன் பாப்பா. என் கை வராது. உங்கம்மா செய்யறதுன்னா செய்யட்டும். பாவம் என்னோடதுன்னு சொல்லு."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நானே செய்கிறேன் என்றேன். பெரிய அன்னக்கூடையில் தண்ணீர் நிரப்பினேன். எனக்கு அதில் பாவம் ஒன்றும் தெரியவில்லை. அது அச்சடித்த காகிதம், அவ்வளவுதான் என்று வாதாடினேன்.

"அதுவும் அச்சடிச்ச காயிதந்தான்" என்றாள் அம்மா.

இரண்டும் காகிதம் என்றால் எதை எதற்காகக் கரைப்பது? இரண்டும் காகிதம் இல்லை என்றால்? அம்மா அன்னக்கூடைத் தண்ணீரைப் பார்த்தாள், அம்மன் முகத்தைப் பார்த்தாள்.

"இவளும் ஒரு பறவைய வெச்சிருக்கிறா பாரு" என்றாள். "எவளோ பெத்த புள்ளைய முதுவுல தூக்கிக்கினு வந்திருக்கிறா. அவள எப்படிம்மா தண்ணில முக்குவேன்?"

பழைய ஆணியிலேயே படத்தை மாட்டினாள்.

அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். செல்லியம்மா வீட்டுக்கு ஒருவழியாகச் சாமி வந்தது என்றார்கள். வெள்ளிக்கிழமைகளில் பூ கொடுத்தார்கள். அம்மா வாங்கி வைத்தாள். விளக்கு ஏற்றினாள். ஆனால் ராட்டையை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து தார் சுற்றினாள். அது எனக்குத்தான் தெரிந்தது.

மார்கழி முடியும்போது மங்கையர்க்கரசி அம்மாள் மெதுவாகக் கேட்டார்:

"செல்லி, தையில அந்த நாளு வருதே. இன்னா செய்யப் போற? நான் மூக்க மூடிக்குவேன். அம்மன் மூடிக்குவாளா?"

அந்த நாள் வரும்வரை அம்மாவின் மனசில் இது ஒன்றுதான் ஓடியது என்று நினைக்கிறேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது படத்தைக் கழற்றி, வேறு சுவரில் வைத்துப் பார்த்தாள். திரும்பவும் பழைய இடத்திலேயே மாட்டினாள். ஒருநாள் நான் கேட்காமலே சொன்னாள்: "மீனு இல்லாம வெறுஞ்சோறு வெச்சா அவன் வாயத் தொறக்க மாட்டான்."

அமாவாசைக்கு முதல்நாள் அப்பா வழக்கம்போல விடியலிலேயே போய் நெத்திலி வாங்கிவந்தார். பையை வைத்துவிட்டு வெளியே போகவில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்தார்.

அம்மா குளித்துவிட்டு வந்து மீனைப் பொரித்தாள். சோறு பிசைந்தாள். இலையை எடுத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். அம்மன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இலையைக் கீழே வைத்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள். சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஆணியிலிருந்து எடுக்காமலே, கயிற்றோடு சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

"தாயே, கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பாத்துக்கினு இரு" என்றாள். "புள்ள சாப்பிட்டுடட்டும்."

வீட்டுக்கு வந்த பெண்ணிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். குரலில் பயமும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

அப்போது மங்கையர்க்கரசி அம்மாள் கையில் தேங்காய்த் தட்டோடு நடைக்கு வந்தார். திருப்பி மாட்டிய படத்தைப் பார்த்தார். இலையைப் பார்த்தார்.

"கோயிலுக்குக் கெளம்பிட்டேன் செல்லி. இன்னிக்குக் கூட்டமா இருக்கும், வர நேரமாவும்" என்றார். போகும்போது எங்கள் அறைக் கதவைத் தானே ஒருக்களித்து வைத்துவிட்டுப் போனார்.

அம்மா முதல் வாயை உருட்டினாள். சுவரில் இப்போது பழுப்புத் தாள்தான் இருந்தது. அதற்கு உள்பக்கம் தட்டு. முகம் எங்களைப் பார்க்காத தட்டு. அம்மா கையை நீட்டினாள்.

"குருவிக்கு ஒரு வாய்..."

கை நடுவிலேயே நின்றது. கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தேவகி, அந்தக் குருவிக்கு வாலு இன்னா கலரு?"

நீலம் என்றேன். சொன்ன உடனே சந்தேகம் வந்தது. நீலம் கரையில்தானே இருந்தது? கண்ணை மூடிப் பார்த்தேன். திறந்த வாய் தெரிந்தது, பூக்காம்பு தெரிந்தது. வால் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அந்தப் படத்துக்குக் கீழேதான் படுத்தேன், படித்தேன். அதன் அடியில் இருந்த எழுத்தை ஒன்று விடாமல் பார்த்து எழுதியவள் நான். வாலைப் பார்த்ததில்லை.

"மஞ்சள்" என்று படியிலிருந்து அப்பா சொன்னார். "மஞ்சள்தான் செல்லி. எனக்கு நல்லா தெரியும்." கொஞ்சம் பொறுத்து, "இல்ல... பச்சையா?" என்றார்.

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கும் மறந்துபோச்சி" என்றாள். "பழனி இருந்தா சொல்லுவான்."

நீட்டிய வாயை இலையில் வைத்தாள். நெத்திலியைப் பக்கத்தில் வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். சோறு காய ஆரம்பித்தது. தெருவில் தறிச் சத்தம் கேட்டது.

வீட்டுக்காரர் திரும்பி வருவதற்குள் அம்மா இலையை எடுத்துவிட்டாள். அறையைத் துடைத்தாள். படத்தை முன்பக்கம் திருப்பி, அம்மனுக்குப் பூ வைத்தாள். பிறகு ராட்டையைத் தூக்கிவந்து பழைய இடத்தில், படம் கண்ணில் படுகிற மாதிரி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனால் அன்றைக்கு ஒரு தார்கூடச் சுற்றவில்லை.